சில்லைத் தம்பதிகளுக்கு ஒரு கூடு

'பிஞ்ச்' என்றதும் உங்களுக்கு வெள்ளரிப் பிஞ்சும் மாவடுவும் ஞாபகம் வந்தால் அது உங்கள் குற்றம் அல்ல. ஆனால் இங்கே சொல்லப் போவது சமையலறைச் சமாசாரம் இல்லை. கூண்டிலே வளர்க்கும் ஒரு சின்னஞ்சிறு குருவியைப் பற்றிய விஷயம். பறவைக் கடைகளில் 'பெங்கலீஸ்' என்பார்கள். 'சொசைட்டி பிஞ்ச்' என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. நாலரை அங்குல நீளந்தான் இருக்கும். காப்பிக்கொட்டை நிறத்திலும், சந்தன நிறத்திலும், தூய வெள்ளையிலும், இவை யாவும் திட்டுத் திட்டாகக் கலந்தும் பார்க்கலாம்.

இந்தக் குருவியை வாங்கி வந்தவர்கள் வீட்டில் சில மாதம் கழித்து ஒரு குறை கேட்கும். "ஜோடி என்று சொல்லித்தான் கொடுத்தார் கடைக்காரர். ஆறு மாதம் ஆகிறது. இரண்டும் ஒட்டி ஒட்டித்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு முட்டையைக் காணோமே!" என்பார் ஒருவர். "எங்கள் வீட்டில் முட்டைக்குப் பஞ்சமில்லை. குஞ்சைத்தான் காணோம்!" என்பார் இன்னொருவர்.

உங்கள் வீட்டிலும் இதே கதைதானா? கவலைப்படாதீர்கள். கூண்டுக் குருவிகளுக்குள் மிகச் சுலபமாகக் குடும்பம் நடத்துகிற ஜாதிகளில் இது ஒன்று. வேண்டிய ஏற்பாடுகளைச் சரியாகச் செய்து கொடுத்துவிட்டு, அப்புறம் நாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட வேண்டும். இரகசியம் அவ்வளவுதான். முதல் பாதி சுலபம். இரண்டாவது பாதிதான் நம்மில் பலருக்கு முடிவதில்லை!

பத்துச் சகோதரிகள்

பெயரில் வங்காளம் ஒட்டிக்கொண்டிருந்தாலும், இந்தக் குருவி வீட்டுக் குருவியாக ஆனது ஜப்பானில். சுமார் 1763-ஆம் ஆண்டில் கியூஷூ தீவைச் சேர்ந்த ஒரு சிற்றரசர் சீனாவிலிருந்து வெண்முதுகுச் சில்லைகளை வரவழைத்தார் என்று சொல்கிறார்கள். அவற்றின் சந்ததியைக் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்ததில், காட்டுச் சுபாவம் போய்ச் சாதுவான வளர்ப்புப் பறவையாகிவிட்டது. ஜப்பானியர் இதை 'ஜூஷிமாட்சு' என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயரை எழுதும் எழுத்துக்களுக்கு 'பத்துச் சகோதரிகள்' என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான். பத்துக் குருவிகளை ஒரே கூண்டில் விட்டாலும் அடிபிடி இல்லாமல் ஒரே கூட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு தூங்கும்.

மூதாதையான வெண்முதுகுச் சில்லை நமக்கு அந்நியம் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் இன்றும் அது கூட்டம் கூட்டமாகப் புல்விதை பொறுக்கித் திரிகிறது. ஆனால் அதைப் பிடிப்பதும் வீட்டில் அடைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் நாட்டுச் சில்லைகளைப் பிடித்துச் சாயம் பூசி, 'சீமைக் குருவி' என்று தெருவில் விற்பவர்களும் உண்டு. பச்சையும் சிவப்புமாகப் பளபளக்கிற குருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். காட்டில் பிடித்த பறவை கூண்டில் ஏங்கிப் போகும். கூண்டில் பிறந்த பெங்கலீஸை மட்டும் வாங்குங்கள்.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

முட்டை வராததற்கு முதற் காரணம், பல வீடுகளில் 'தம்பதிகள்' தம்பதிகளாகவே இல்லாததுதான்! இரண்டும் ஆணாக இருக்கும். அல்லது இரண்டும் பெண்ணாக இருக்கும். இந்த ஜாதியில் ஆணும் பெண்ணும் அச்சில் வார்த்தாற்போல ஒரே மாதிரி. நிறத்தில், உருவத்தில், அலகில் எதிலும் வித்தியாசம் கிடையாது. ஒட்டி உட்காருவதை வைத்தும் முடிவு கட்ட முடியாது. ஒட்டி உட்காருவது இவற்றின் குலவழக்கம்.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டை வைத்துத்தான். பாடுவது ஆண் மட்டுமே. தொண்டையையும் வயிற்றையும் உப்ப வைத்துக்கொண்டு, குச்சியில் நின்றபடி மெல்லக் குதித்துக் குதித்து, கிச்சுக்கிச்சென்று மெலிந்த குரலில் ஒரு பாட்டுப் பாடும். பெரிய கச்சேரி என்று நினைத்து விடாதீர்கள். பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கூடக் கேட்காது. ஆனால் அந்தப் பாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. காட்டு மூதாதையின் பாட்டைவிட வளர்ப்புப் பறவையின் பாட்டு அதிகச் சிக்கலானது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கசுவோ ஒகனோயா முதலியோர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். மகன் அதைத் தகப்பனிடம் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொள்கிறது.

சந்தேகப்படும் குருவியை ஒரு நாள் தனிக் கூண்டில் வைத்துவிட்டு, மறுநாள் மற்றதோடு சேர்த்துப் பாருங்கள். ஆணாக இருந்தால் சேர்ந்த சில நிமிஷத்துக்குள் பாட ஆரம்பித்துவிடும். தோழியைத் தேடிக் கூப்பிடும் குரலிலும் பேதம் உண்டு. பெண்ணின் கூவல் 'கிர்ர்' என்று உருளும். ஆணின் கூவல் சீழ்க்கை போல ஒற்றைச் சுரமாக ஒலிக்கும்.

புதிதாக வாங்குகிறவர்கள் நாலைந்து குருவிகளாக வாங்கி, காலில் வெவ்வேறு வர்ணப் பிளாஸ்டிக் வளையம் மாட்டிவிட்டால் சௌகரியம். பாடுகிற வளையம் எது என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளலாம். ஒரே கூட்டில் பிறந்த அண்ணன் தங்கையை ஜோடி சேர்க்காதீர்கள். தலையில் கொண்டை உள்ள இரண்டையும் ஜோடி சேர்க்க வேண்டாம் என்பது அனுபவஸ்தர்களின் விதி. ஒன்றுக்குக் கொண்டை இருந்தால் மற்றது மொட்டைத் தலையாக இருக்கட்டும்.

வயசும் முக்கியம். நாலு மாதத்திலேயே இவை முட்டையிடத் தயாராகிவிடும். அதற்காக நாம் அவசரப்படக் கூடாது. ஒன்பது மாதமாவது நிரம்பிய பிறகே கூடு வையுங்கள்.

இரண்டும் பெண்ணாக இருந்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே கூட்டில் முட்டையிட்டு, எட்டுப் பத்து என்று குவித்து, சிரத்தையாக அடைகாக்கும். ஒன்றும் பொரிக்காது. 'முட்டைக்குப் பஞ்சமில்லை, குஞ்சைக் காணோம்' என்ற குறைக்கு முக்கால்வாசி இதுவே பதில்.

தனிக் குடித்தனம்

கூட்டுக் குடும்பத்துக்குப் பேர்போன குருவிதான். ஆனால் பிள்ளைப்பேறு விஷயத்தில் தனிக் குடித்தனமே உத்தமம். நாலு ஜோடியை ஒரே கூண்டில் விட்டு நாலு கூடு வைத்தால், எட்டும் ஒரே கூட்டில் போய் அடைந்துகொள்ளும். கீழே முட்டை நசுங்கும். குஞ்சு மூச்சு முட்டும். ஆகவே ஒரு ஜோடிக்கு ஒரு கூண்டு.

கூண்டு இரண்டடி நீளமாவது இருக்கட்டும். உயரத்தைவிட நீளமே முக்கியம், குருவி பக்கவாட்டில்தானே பறக்கிறது! கம்பிகளின் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. காலை வெயில் சிறிது படுகிற, காற்று நேராக அடிக்காத, கண் மட்டத்து உயரமான இடம் நல்லது. கூண்டின் பின்புறம் சுவரை ஒட்டி இருந்தால் அவற்றுக்குத் தைரியம்.

சமையலறை மட்டும் கூடவே கூடாது. 'நான்ஸ்டிக்' வாணலி அடுப்பில் அதிகமாகக் காய்ந்துவிட்டால் அதிலிருந்து எழும் புகை நமக்குத் தெரியாமலே பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, ஊதுவத்தி, சாம்பிராணி இவற்றின் புகையும் வேண்டாம். எறும்புக்கு என்ன செய்வது? பால் பாத்திரத்துக்குச் செய்வதைத்தான். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பிறந்த குஞ்சுக்கு எறும்பைப் போன்ற எமன் வேறில்லை.

சாப்பாடு

தினை, சாமை, பனிவரகு - நம் மளிகைக் கடையிலேயே கிடைக்கிற இந்தத் தானியங்களே இவற்றுக்கு அன்றாட உணவு. ஒரு விஷயம் கவனியுங்கள். குருவி தானியத்தை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். மேலே பார்த்தால் கிண்ணம் நிறைந்திருப்பது போலத் தோன்றும். உள்ளே பருக்கை இராது. தினமும் உமியை ஊதிவிட்டுப் பாருங்கள். நிறைந்த கிண்ணத்தின் எதிரில் பட்டினி கிடந்து செத்த குருவிகள் உண்டு.

கூடு வைப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஊட்டம் கொடுக்க வேண்டும். தினையை இரவு ஊறவைத்து, முளை எட்டிப் பார்க்கும்போது நன்றாக அலசிக் கொடுங்கள். வேகவைத்த கோழிமுட்டையை மசித்து ஒரு சிட்டிகை வையுங்கள். நம் வெயிலுக்கு அது சீக்கிரம் கெட்டுப்போகும். இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். முருங்கைக் கீரை ஒரு கொத்தைக் கம்பியில் செருகி வைத்தால் ஆவலாகக் கொத்தும். உப்பு, எண்ணெய், இனிப்பு, நம் பலகாரம் எதுவும் ஆகாது.

எல்லாவற்றையும்விட அவசியமானது சுண்ணாம்புச் சத்து. நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று கேளுங்கள். கணவாய் மீனின் ஓடு அது. ஒரு துண்டைக் கூண்டுக் கம்பியில் எப்போதும் கட்டி வையுங்கள். கோழிமுட்டை ஓட்டைக் கொதிக்க வைத்து, உலர்த்தி, நொறுக்கிப் போடுவதும் நல்லதே. இது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

குளிக்கத் தட்டையான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். ஒரு அங்குல ஆழம் போதும். குளித்த ஈரத்தோடு தாய் அடையில் அமர்வது முட்டை ஓடு காய்ந்து போகாமல் காக்கும்.

எப்போது, எங்கே கூடு?

வீட்டுக்குள் வளரும் பெங்கலீஸ் வருஷம் முழுவதும் முட்டையிடும். ஆனாலும் சித்திரை வைகாசி வெயிலில் வேண்டாம். முட்டையிட ஆரம்பித்ததிலிருந்து குஞ்சு கூட்டை விட்டு வெளிவரும் வரை ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரத்துக்குள் தீபாவளி குறுக்கிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் ஒரு சரவெடி போதும். பயந்து பறந்த தாய்க்கு இருட்டில் கூட்டுக்குத் திரும்ப வழி தெரியாது. வெடிச் சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு ஆரம்பித்தால் நிம்மதி.

கூட்டுக்கு ஐந்தாறு அங்குலச் சதுரப் பெட்டி போதும். முன்பக்கம் பாதி திறந்திருக்க வேண்டும். மண் கலயமும் ஏற்றதே. கூண்டின் மேல் மூலையில் ஆடாமல் கட்டுங்கள். ஒரு கைப்பிடி உலர்ந்த அருகம்புல்லை உள்ளே வைத்து, மீதியைத் தரையில் போடுங்கள். மீதி வேலையை ஆண் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு இழையாகக் கவ்விக்கொண்டு அது போகிற தோரணையைப் பார்த்தால், வீடு கட்டுகிற குடும்பஸ்தர்கள் எல்லாரும் ஞாபகத்துக்கு வருவார்கள்!

தேங்காய் நார் கொடுக்கலாம்; நாலு அங்குலத்துக்கு மேல் நீளம் வேண்டாம். பஞ்சு, தையல் நூல், தலைமுடி இவற்றைக் கண்ணில் காட்டாதீர்கள். காலில் சுற்றிக்கொண்டால் கால் அழுகி விழுந்துவிடும்.

முதல் முட்டையைக் கண்டதும் தரையில் கிடக்கும் புல்லை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கட்டுகிற உற்சாகத்தில் முட்டைக்கு மேலேயே மெத்தை போட்டு மூடிவிடும்.

இனி உங்கள் வேலை சும்மா இருப்பது

தினம் ஒன்றாக நாலு முதல் ஆறு வெள்ளை முட்டைகள் வரும். மூன்று நாலு முட்டை சேர்ந்த பிறகே முறையாக அடையில் உட்காரும். தாயும் தகப்பனும் மாறி மாறி உட்காருவார்கள். இரவில் இருவரும் உள்ளேயே தூங்குவார்கள். சுமார் பதினாறு நாளில் பொரிக்கும்.

இந்தப் பதினாறு நாளும் உங்களுக்குத்தான் சோதனை. மாமியாருக்குக் காட்டவும், பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் காட்டவும், செல்போனில் படம் எடுக்கவும் கை துறுதுறுக்கும். வேண்டாம். கூண்டை நகர்த்த வேண்டாம். கூட்டைத் தட்டிப் பார்க்க வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், தானியமும் தண்ணீரும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடையில் அமர்ந்து இருபது நாள் ஆகியும் பொரிக்காவிட்டால் முட்டைகளை எடுத்துவிட்டு, இரண்டு மாதம் ஓய்வு கொடுங்கள். முதல் ஈடு வீணாவது புதுத் தம்பதிகளுக்கு சகஜம்.

பொரித்த மறுநாள் காது கொடுத்துக் கேட்டால், கூட்டுக்குள்ளிருந்து நூல் போன்ற ஒரு சத்தம் வரும். அதுதான் நற்செய்தி. முளைத்த தினையும் முட்டை மசியலும் இப்போது இரட்டிப்பாக வேண்டும். தாயும் தகப்பனும் இரைப்பையில் மென்மையாக்கிக் குஞ்சின் வாயில் கக்கி ஊட்டும். குஞ்சுகளின் வாய்க்குள் கோலம் போட்டாற்போலச் சில புள்ளிகள் இருக்கும். இருட்டுக் கூட்டில் பெற்றோருக்கு வாயைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம் அது.

குஞ்சு தவறிக் கீழே விழுந்துவிட்டால்? 'மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது' என்று நம் வீட்டில் சொல்வதுண்டு. அதை நம்பி விட்டுவிடாதீர்கள். குஞ்சு சில்லிட்டிருந்தால் உள்ளங்கைச் சூட்டில் சற்று வைத்திருந்து, மெல்லக் கூட்டில் விட்டுவிடுங்கள். இந்தச் சாதுப் பறவை தன் குஞ்சை மட்டுமல்ல, பிறர் குஞ்சையும் வளர்க்கும். ஆஸ்திரேலியாவின் கௌல்டியன் பிஞ்ச் குஞ்சுகளைக் கூட, பெற்ற தாய் கைவிட்டபோது, இதனிடம் கொடுத்து வளர்ப்பது உலகமெங்கும் பறவை வளர்ப்போர் வழக்கம்.

மூன்று வாரத்துக்கு மேல் ஓரிரு நாளில் குஞ்சுகள் வெளியே வரும். இரவில் மட்டும் கூட்டுக்குத் திரும்பும். ஆறு வாரத்தில் தாமே தானியம் உரித்துத் தின்னும். அதன்பின் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஈட்டு முட்டையின் மேல் இவர்கள் ஏறிப் படுத்துக்கொள்வார்கள்.

தாயின் உயிர்

இப்போது கடல்நுரையின் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தாய்க்குருவியின் எடை சுமார் 15 கிராம். ஒரு முட்டை ஏறக்குறைய ஒரு கிராம். ஐந்து நாளில் ஐந்து முட்டை என்றால், தன் உடம்பின் மூன்றில் ஒரு பங்கை அது வெளியே கொடுத்துவிடுகிறது! ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து உணவில் இல்லாவிட்டால் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். அதுவும் போதாமற் போகும்போது முட்டை வெளிவராமல் உள்ளேயே தங்கிவிடும். சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

அறிகுறிகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தாய் கூட்டை விட்டுக் கூண்டின் தரையில் வந்து உட்காரும். சிறகெல்லாம் உப்பியிருக்கும். கண் சொருகும். வால் மேலும் கீழும் ஆடும். முக்குவது போலத் தெரியும். உடனே ஒரு சிறு அட்டைப் பெட்டிக்கு மாற்றி, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். விளக்குச் சூடு போதுமே என்று நினைக்காதீர்கள், இக்காலத்து எல்.இ.டி. விளக்கில் சூடு கிடையாது. வயிற்றை அமுக்கவே கூடாது. முட்டை உள்ளே உடைந்தால் பிழைக்காது. பறவை வைத்தியம் தெரிந்த கால்நடை டாக்டரிடம் தாமதமின்றிக் கொண்டுபோங்கள். டாக்டர் யார், எங்கே இருக்கிறார் என்பதைக் கூடு வைப்பதற்கு முன்பே விசாரித்து வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

இந்த ஆபத்து அதிகம் வருவது சின்ன வயசுத் தாய்க்கும், ஓய்வில்லாமல் முட்டையிடும் தாய்க்குந்தான். கூடு இருக்கிற வரை இந்தக் குருவி நிறுத்தாது. 'போதும்' என்று சொல்ல அதற்குத் தெரியாது. நாம்தான் அதற்காகச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு இரண்டு ஈடு, அதிகம் போனால் மூன்று. அப்புறம் கூட்டைக் கழற்றிவிடுங்கள். இரண்டொரு நாள் தேடும். பிறகு குச்சியிலேயே ஒட்டிக்கொண்டு தூங்கப் பழகிவிடும்.

கூட்டைக் கட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். ஈட்டுக்கு ஐந்து குஞ்சு, வருஷத்துக்கு இரண்டு ஈடு. ஜப்பானியர் வைத்த பெயர் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே பலித்துவிடும்! அந்தப் பத்துப் பேரும் எங்கே இருப்பார்கள்? பறக்கவிட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். கூண்டிலே பிறந்து கூண்டிலே வளர்ந்த பரம்பரை. வெளியே போனால் மறுநாள் காக்கைக்கு இரை. வாங்கிக்கொண்டு நன்றாக வைத்துக்கொள்ளக் கூடிய வீடுகள் இரண்டு மூன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள். அது நிச்சயமான பிறகு கைப்பிடி அருகம்புல்லை எடுத்துக்கொண்டு கூண்டருகே போகலாம்.